கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றின் விளக்குக் கணக்கு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், பழைய வீட்டைப் பாதி இடித்து, பாதியை அப்படியே விட்டு எழுப்பிய கடைகள் நிறைய உண்டு. விளக்குச் செலவைத் தானியங்கிக் கட்டுப்பாட்டால் எவ்வளவு குறைக்கலாம் என்று நாங்கள் பார்த்த இந்த ஆய்வில் வரும் ஜவுளிக்கடையும் அதே ரகம். முன்பக்கம் கான்கிரீட் கட்டடம், இரண்டு விற்பனைத் தளங்கள், தளத்துக்குச் சுமார் 3,500 சதுர அடி. கீழே சேலை, மாடியில் ரெடிமேடும் வேட்டி சட்டையும். அதற்கும் மேலே, மொட்டை மாடிக்கு நேர் கீழே, குடோன். தரைத்தளத்தின் பின்பாதியில் பழைய வீட்டு முற்றம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடி, சுற்றிலும் மெத்தை விரித்துப் பட்டுச் சேலை காட்டுகிறார்கள். கொல்லைப்புறம் வண்டி நிறுத்துமிடம்.

கடைக்காரர் எங்களிடம் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: “பில்லு குறையணும் தம்பி, ஆனா கடை டல்லாத் தெரியக் கூடாது.”

எங்களுக்கு முன்னால் சென்சார் கருவி விற்பனையாளர் ஒருவர் வந்து போயிருந்தார். ஒவ்வொரு லைட்டுக்கும் சென்சார், செல்போனில் ஆப், முற்றத்துக் கூரையை இன்னும் அகலமாகத் திறந்து பகல் வெளிச்சம், எல்லாம் செய்தால் பில் பாதியாகிவிடும் என்பது அவர் வாக்கு. பில் பாதியாக வழியே இல்லை என்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. விற்பனைத் தளங்களில் தளத்துக்கு 36 வாட் பேனல் 60, 12 வாட் ஸ்பாட் 50. ஆக 2,760 வாட். இரண்டு தளத்துக்கும் 5.5 கிலோவாட். குடோனில் 20 வாட் ட்யூப் 40, அது 800 வாட். முகப்பு விளக்குகளும் பெயர்ப்பலகையும் 2.5 கிலோவாட். மாடிப்படி, வண்டி நிறுத்தம், கழிவறை எல்லாம் சேர்ந்து மொத்தம் 9 கிலோவாட்டை ஒட்டி நிற்கும். ஏசி மட்டும் இதைப்போல ஐந்தாறு மடங்கு. விளக்கை முழுக்க அணைத்து இருட்டில் வியாபாரம் செய்தாலும் பில் பாதியாகாது.

இன்னொன்று, எல்.இ.டி. மாற்றம் இந்தக் கடையில் ஏற்கெனவே முடிந்த கதை. பழைய 36 வாட் ட்யூப் லைட், காயில் சோக்கோடு சேர்ந்து 50 வாட் அளவுக்கு இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் ட்யூப் வந்தபோது கிடைத்த மிச்சம் பெரியது, சுலபமானதும்கூட. வாட் குறைந்தாகிவிட்டது, இனி குறைக்க இருப்பது எரியும் நேரம். தானியங்கிக் கட்டுப்பாடு முக்கியமாகச் செய்யக்கூடியதும் அதைத்தான்.

சட்டம் இந்தக் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 2017 பதிப்பின்படி, இணைப்புச் சுமை (எல்லாக் கருவிகளின் வாட்டும் சேர்ந்தது) 100 கிலோவாட்டோ ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் கேட்டுப் பெற்ற உச்ச அளவு) 120 கேவிஏவோ அதற்கு மேலோ உள்ள வணிகக் கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். நம் கடை அதற்குக் கீழே. ஆனாலும் அதில் இருக்கும் யோசனை எடுத்துக்கொள்ளத் தக்கது. 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் 90 சதவீத உள்விளக்குகள் தானாக அணையும் ஏற்பாட்டில் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார் என்றால், ஆள் போன 15 நிமிடத்துக்குள் அணைக்க வேண்டும். இந்தப் 15 நிமிடம் ஏன் முக்கியம் என்பது குடோனில் தெரிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்

ஒரு வாரம் எதையும் தொடாமல் கடையைப் பார்த்தோம். காலை எட்டரைக்குப் பெருக்கித் துடைக்க ஆள் வருகிறார்கள். இரண்டு பேர் பெருக்க இரண்டு தளமும் முழு வெளிச்சத்தில். காரணம், தளத்துக்கு மூன்றே எம்சிபி (மின்பெட்டியில் இருக்கும் ஸ்விட்ச்), ஃபேஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எரியும் விளக்குகள் தளம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒன்றைப் போட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாக எரியும். அதனால் மூன்றையும் போட்டுவிடுவார்கள். இரவு பத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்க ஒரு மணி நேரம். அப்போதும் அதே கதை. பணியாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. சிக்கனமாக இருக்க நினைத்தாலும் அதற்கு ஸ்விட்ச் இல்லை.

ஆகவே முதல் வேலை சென்சார் வாங்குவது அல்ல, ஒயரிங்கைப் பிரிப்பது. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, ஒவ்வொரு தளத்தையும் மூன்று கூட்டமாகப் பிரித்தோம்: நடக்கும் வழியும் கல்லாவும், விற்பனைப் பகுதி, ஸ்பாட் லைட். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிய 20 பேனல்கள் தனிக் கூட்டம். மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் இந்த ஒயரிங் கூலிக்கும் பொருளுக்கும்தான் போனது. கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. பளபளவென்று ஒரு கருவி வந்து உட்கார்ந்தால் செலவு கண்ணுக்குத் தெரியும். சீலிங்குக்கு மேல் ஓடும் ஒயரை யார் பார்க்கப் போகிறார்கள்?

பிரித்த பிறகு தேவைப்பட்டது ஒரு சாதாரண டிஜிட்டல் டைமர். காலை எட்டரை முதல் பத்து வரையும் இரவு பத்து முதல் பதினொன்று வரையும் தளத்துக்கு 900 வாட் போதும். 2,760-ல் 1,860 வாட் எரியாமல் இருக்கிறது. இரண்டரை மணி நேரம், இரண்டு தளம்: நாளுக்கு 9.3 யூனிட். கடையில் கிடைத்த மிச்சங்களிலேயே இதுதான் பெரியது. இதைச் செய்ய ஒரு சென்சார்கூடத் தேவைப்படவில்லை.

வியாபார நேரத்தில் விற்பனைத் தளத்தில் நடமாட்டச் சென்சார் வைக்கும் யோசனையை நாங்களே தள்ளிவிட்டோம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை மாடியில் ஆளே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் படியேறி வருகிறவர் இருட்டைப் பார்த்தால் மாடி மூடியிருக்கிறது என்று திரும்பிவிடுவார். ஒரு சட்டை விற்பனை போனால் அன்றைய மிச்சம் போச்சு.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கடையில் எந்த விளக்கும் அணைந்திருக்கக் கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். ஐந்தே முக்கால் மணிக்கு எல்லாக் கூட்டமும் எரியும்படி டைமரில் போட்டாயிற்று. அதற்கு ஆகும் கூடுதல் செலவு கால் யூனிட்டுக்கும் குறைவு. இதற்கெல்லாம் வாதாடக் கூடாது.

குடோன்: சித்திரை வெயிலும் சென்சாரும்

குடோன்தான் சென்சாருக்கென்றே அளந்து கட்டிய இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆள் எப்போதாவது வருவார், போவார்; விளக்கு மட்டும் காலை முதல் இரவு வரை எரியும். 800 வாட், 13 மணி நேரம், 10.4 யூனிட். உண்மையில் ஆள் இருப்பது மூன்று மூன்றரை மணி நேரம். ஏழு யூனிட்டுக்கு மேல் மிச்சம் ஆகவேண்டும்.

இங்கே முதலில் பிஐஆர் என்ற நடமாட்டச் சென்சார் போடப்பட்டது. அது ஆளைப் பார்ப்பதில்லை. உடம்பின் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. சுற்றுப்புறத்தைவிட உடம்பு சூடாக இருந்தால்தான் அதற்கு வித்தியாசம் தெரியும். ஏசி இல்லாத, மேலே வெயில் காயும் கான்கிரீட் தளம் உள்ள குடோனில், சித்திரை வைகாசி மதியம் அறையின் சூடும் உடம்பின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது சென்சாருக்கு ஆள் தெரிவதில்லை. தை மாதத்தில் அருமையாக வேலை செய்த அதே கருவி, மே மாதத்தில் ஆள் உள்ளே நிற்கும்போதே விளக்கை அணைத்தது. குளிர் நாட்டில் எழுதிய கையேட்டில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் இது வருஷத்தில் மூன்று மாதப் பிரச்சினை.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ரேக் உயரமானது. ஏணியில் ஏறிப் பெட்டியைத் தேடுகிறவரை ரேக் மறைத்துவிடும். பிஐஆர் நேராகப் பார்த்தால்தான் பார்க்கும். அதைப் பொருத்திய எலக்ட்ரீஷியன் மிச்சம் அதிகமாகட்டும் என்று அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக வைத்திருந்தார். பத்தடி உயரத்தில் இரண்டு கையிலும் பெட்டியோடு நிற்கும்போது விளக்கு போனால் என்ன ஆகும்? நல்லவேளை, யாரும் விழவில்லை. அடுத்த நாளே யாரோ சென்சாருக்குக் குறுக்கே ஒரு ஒயரைப் போட்டு விளக்கை நேரடியாக்கிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

அலையை அனுப்பி அசைவைப் பிடிக்கும் மைக்ரோவேவ் சென்சாருக்கு வெப்பத் தொல்லை கிடையாது. ஆனால் மெல்லிய தடுப்பைத் தாண்டியும் பார்க்கும். குடோனை ஒட்டிய நடையில் ஒருவர் போனாலும் எரியும். சுழலும் சீலிங் ஃபேனையும் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அதையும் விட்டோம். கடைசியில் வைத்தது பழைய மாடிப்படி முறை: ஒவ்வொரு ரேக் சந்துக்கும் ஒரு பெரிய பட்டன், அமுக்கினால் 15 நிமிடம் எரியும், மறுபடி அமுக்கினால் இன்னொரு 15 நிமிடம். அணைவதற்கு ஒரு நிமிடம் முன்னால் பாதி ட்யூப் அணைந்து எச்சரிக்கும். வாசலருகே மட்டும் பிஐஆர் இருக்கிறது. கதவைத் திறந்ததும் முதல் இரண்டு ட்யூப் எரியும், பட்டன் கண்ணில் படும். வெயில் நாளில் அது தூங்கினாலும் நஷ்டமில்லை, கதவோரத்தில் கையால் போடும் ஸ்விட்ச்சும் உண்டு. பணியாளர்கள் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், விளக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அணைக்கும் பொறுப்பு மட்டும்தான் கருவியுடையது.

முற்றம்

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருந்தது. பட்டுச் சேலை வாங்க வருகிறவர்கள் ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்: “வெளிச்சத்துல பாக்கலாமா?” மயில்கழுத்து நிறத்தில் ஊடையும் பாவும் வேறு வேறு நிறம், சாதாரணப் பேனல் வெளிச்சத்தில் அது பச்சையா நீலமா என்றே புலப்படாது. முன்பெல்லாம் சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முற்றத்து மெத்தை வந்தது அதற்காகத்தான். ஆகவே பகல் வெளிச்சம் இந்தக் கடைக்கு மின்சார விஷயமாவதற்கு முன்பே வியாபார விஷயம். (முற்றத்தில் எரியும் பேனல்களை நிறத்தை உள்ளபடி காட்டும் ரகமாக, சி.ஆர்.ஐ. 90-க்கு மேற்பட்டதாக, மாற்றச் சொன்னோம். சாதாரணப் பேனல் 80-ஐ ஒட்டியது. இதில் யூனிட் மிச்சம் ஒன்றும் இல்லை, மழை நாளில் விற்பனை நடக்கும்.)

முற்றத்தைச் சுற்றிய 20 பேனல்கள் 720 வாட். வெயில் நாளில் காலை பத்தரை முதல் மாலை மூன்றரை வரை அவை தேவையில்லை. ஒளிச் சென்சார் ஒன்றை வைத்து அணைத்துவிடலாம். நாளுக்கு 3.6 யூனிட். முன்பு வந்த சென்சார் விற்பனையாளர் இதைப் பிடித்துக்கொண்டுதான், திறப்பை இன்னும் அகலமாக்கினால் கீழ்த்தளம் முழுவதையும் பகலில் அணைக்கலாம் என்றிருந்தார்.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முற்றம் 12-க்கு 10 அடி, அதாவது 11 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் அளவுக்கு இறங்குகிறது. ஷீட் பாதியைத் தடுத்தாலும் ஐந்தரை கிலோவாட் வெப்பம் ஏசி போட்ட கடைக்குள் வருகிறது. ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு ஏசி மூன்று கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இதை வெளியேற்ற 1.8 கிலோவாட் மின்சாரம். பேனலை அணைத்ததால் மிச்சம் 0.72, பேனலின் சூடு குறைந்ததால் ஏசியில் இன்னொரு கால் கிலோவாட். ஒன்று வருகிறது, இரண்டு போகிறது. தெளிந்த வெயில் மதியத்தில் அந்தக் கூரை நஷ்டக் கூரை. அதை அகலமாக்கினால் நஷ்டமும் அகலமாகும்.

அதனால் நேர் எதிர்மாறாகச் செய்தோம். மேலே வெப்பம் தடுக்கும் ஷீட் போட்டு மூடி, முற்றத்துச் சுவரை இரண்டரை அடி உயர்த்தி, வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி ஜன்னல் வைத்தோம். கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும்; வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்று இங்கே சொல்ல முடியாது. ஆனால் அப்போது அது மிக உயரத்தில் இருக்கிறது, முக்கால் அடி நீட்டிய சன்ஷேடு மதிய வெயிலைத் தடுத்துவிடும். நேர்வெயில் விழாததால் பட்டு வெளுக்கும் பயமும் குறைந்தது. வெளிச்சம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. அணைத்திருக்கும் நேரம் நாலு மணி நேரமாகச் சுருங்கியது, மிச்சம் மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. பரவாயில்லை.

ஒளிச் சென்சாரைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சீலிங்கிலிருந்து கீழே பார்க்கும் சென்சார், பேனலின் வெளிச்சத்தையும் சேர்த்தே அளக்கும். எரிந்ததும் ‘வெளிச்சம் போதும்’ என்று அணைக்கும். அணைந்ததும் ‘போதவில்லை’ என்று எரியவிடும். அதனால் எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் இடையே, பேனல் தரும் வெளிச்சத்தைவிடப் பெரிய இடைவெளி வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், இங்கே பேனல் தருவது 350 அளவு. 400-க்குக் கீழே போனால் எரி, 900-க்கு மேலே போனால் அணை, இரண்டுக்கும் பத்து நிமிடம் பொறு என்று வைத்தோம். ஐப்பசி கார்த்திகையில் மேகம் வந்து வந்து போகும்போது இந்தப் பத்து நிமிடம்தான் கடையைக் காப்பாற்றுகிறது. வெளிச்சத்துக்கு ஏற்ப மெல்ல மங்கும் டிம்மர் முறை இன்னும் நயமானது. ஆனால் அதன் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) பழுதானால் அதே ரகத்துக்கு எங்கெங்கோ அலைய வேண்டும். அணை, எரி என்ற முறைக்கு உள்ளூர்க் கடையிலேயே சாமான் கிடைக்கும்.

முகப்பு

பெயர்ப்பலகைக்கு ஏற்கெனவே ஓர் ஒளிச் சென்சார் இருந்தது. எதிர்க்கடை விளக்கைப் பகல் என்று நினைத்து ஏமாந்ததால் அதைக் கழற்றிவிட்டு, வாட்ச்மேன் கையால் ஐந்து மணிக்கே போட்டு, பதினொன்றரை வரை விட்டுவிடுவார். இப்போது ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துச் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர். நம் பக்கம் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கே மறைந்துவிடும், ஜூலையில் ஆறு நாற்பது ஆகும். அதற்கேற்ப எரிந்து பத்தரைக்கு அணைகிறது. கேமராவுக்கும் வாட்ச்மேனுக்குமாக இரண்டு சிறிய விளக்கு மட்டும் விடியும்வரை. சராசரியாக இரண்டேகால் மணி நேரம் குறைந்தது: நாளுக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல்.

மாடிப்படியையும் வெளியேறும் வழியையும் எந்தச் சென்சாரிலும் சேர்க்கவில்லை. அவை எப்போதும் எரியும், கரன்ட் போனால் பேட்டரியில் எரியும்.

கரன்ட் போய் வரும் ஊர்

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை முதல் மாலை வரை மின்தடை, இடையில் ஜெனரேட்டர், மறுபடி ஈபி. இந்த மாறுதல்தான் தானியங்கிச் சாமான்களுக்கு உண்மையான சோதனை. பேட்டரி இல்லாத மலிவு டைமர் ஒவ்வொரு தடைக்கும் நேரத்தை மறந்துவிடும். ஒரு வாரத்தில் கடையின் ‘காலை எட்டரை’ மதியத்துக்கு நகர்ந்திருக்கும்.

அதைவிடத் தொல்லை ரிலே, அதாவது டைமருக்குள் இருந்து விளக்கைப் போட்டு அணைக்கும் சின்ன ஸ்விட்ச். எல்.இ.டி. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், கரன்ட் வந்த அந்த நொடிக்கும் குறைந்த நேரத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ‘10 ஆம்பியர்’ என்று போட்டிருக்கும் சின்ன ரிலேவில் முப்பது பேனலைக் கோத்துவிட்டால், கணக்குப்படி ஐந்து ஆம்பியர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் சில மாதத்தில் உள்ளே முனைகள் ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையவே அணையாது. டைமர் நேரடியாக விளக்கைத் தொடாமல் கான்டாக்டரை (கனமான சுமையைத் தாங்கும் ஸ்விட்ச்) மட்டும் இயக்கும்படி வைத்தோம். கூட்டங்கள் சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும், எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸில் ஒரு திருகு ஸ்விட்ச்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை விடிகாலையே திறந்து நள்ளிரவில் மூடும். தை, வைகாசி முகூர்த்த நாட்களும் அப்படித்தான். அப்போது மேனேஜர் மேனுவலுக்குத் திருப்பிவிடலாம். திரும்ப ஆட்டோவுக்கு வர மறந்துவிடுவார் என்பதும் தெரியும், ஆகவே மேனுவல் இரவு பன்னிரண்டரைக்குத் தானாக ஆட்டோவுக்குத் திரும்பும்.

கணக்கு

நாளுக்கு விற்பனைத் தளங்களில் 9, குடோனில் 7, முகப்பில் 5.5, முற்றத்தில் 3. ஏறக்குறைய 25 யூனிட். வணிக இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 250, வருஷத்துக்கு எண்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும். முற்றத்துக் கட்டட வேலை நீங்கலாகச் செலவு ஒன்றே முக்கால் லட்சம். இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். இவை வாட்டையும் மணியையும் பெருக்கி வந்த எண்கள். விளக்குகளுக்கு மட்டும் தளவாரியாக வைத்த சப் மீட்டர் இதை ஒட்டியே காட்டுகிறது; தீபாவளி மாதத்தில் மட்டும் விளக்கு எரியும் நேரம் ஏறுவதால் மிச்சம் பாதியாகிறது. காலையும் இரவும் அணைப்பதால் ஏசி மிச்சம் என்று எதையும் சேர்க்கவில்லை, அந்த நேரத்தில் ஏசி ஓடுவதே இல்லை. இப்படி ஓடாத ஏசியின் மிச்சத்தையும் கூட்டிக் காட்டும் மதிப்பீடுகளைப் பார்த்திருக்கிறோம்.

சப் மீட்டர் இல்லாவிட்டால் இந்த வேலையே சந்தேகத்தில் முடிந்திருக்கும். இரண்டு மாத பில் சித்திரையில் வந்தபோது கடைக்காரர் கூப்பிட்டார்: “மிச்சம்னு சொன்னீங்க, பில்லு ஏறியிருக்கே தம்பி.” ஏறியது ஏசி. விளக்கு மீட்டரை மாசி மாதத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டியதும் சரி என்றார். அப்புறம் அவரே கேட்டார்: “அப்ப ஏசிக்கு என்ன வழி?”

கழிவறைகளுக்குச் சென்சார் போடவில்லை. 9 வாட் பல்பு பகல் முழுக்க வீணாக எரிந்தாலும் ஒரு யூனிட் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சென்சாரும் நாள் முழுக்கக் கொஞ்சம் தின்னும். மாடியின் மதிய ஸ்பாட் லைட்டைப் பாதியாக்குவது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிந்து ஒரு மாதம் முயன்று பார்க்கலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மழைக்குப் பிறகு ஈசல் வந்து ஒட்டும் சென்சார் கண்ணாடியைத் துடைப்பதும், டைமர் நேரத்தைச் சரிபார்ப்பதும் மாதாமாதம் எலக்ட்ரீஷியன் வேலை. எந்த எம்சிபி எந்தக் கூட்டம் என்று தமிழில் எழுதி லேமினேட் செய்த தாள் டிபி கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.